இடுப்பு முதுகெலும்புக் குறுக்கம்: அழுத்தத்தை நீக்கினால் போதுமா, ஸ்க்ரூவும் வேண்டுமா?

ஒரே எம்.ஆர்.ஐ. படத்தை மூன்று மருத்துவர்களிடம் காட்டினால் மூன்று பதில் வருவது இந்த நோயில் சாதாரணம். ஒருவர் “எலும்பைக் கொஞ்சம் செதுக்கி நரம்புக்கு இடம் கொடுத்தால் போதும்” என்பார். அடுத்தவர் “ரெண்டு லெவலுக்கு ஸ்க்ரூ, ராடு வைக்கணும்” என்பார். மூன்றாமவர் “ஒரு சென்டிமீட்டர் துளையில் முடித்துவிடலாம்” என்பார். மூவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் இந்த மூன்றும் வேறு வேறு பிரச்சினைகளுக்கான தீர்வுகள். எது யாருக்கு என்பதை எந்தத் தகவல் தீர்மானிக்கிறது என்று தெரிந்துவைத்திருந்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க முடியும்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதுகுவலியைவிடக் கால்வலி அதிகமாக இருந்து, எலும்பு நகராமல் நிலையாக இருப்பவருக்கு அழுத்தத்தை மட்டும் நீக்குவதே முதல் தேர்வு. ஸ்க்ரூ வைப்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைப் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

எங்கே குறுகுகிறது, எதனால்

இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகள் ஐந்து. அதிகம் குறுகுவது நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடைப்பட்ட எல்4-எல்5 மட்டம். அடுத்தபடியாக எல்3-எல்4. வயதாக ஆக, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் நீர்ச்சத்தை இழந்து பின்பக்கம் புடைக்கிறது. இருபுறமும் உள்ள ஃபேசட் மூட்டுகள் தேய்ந்து பருக்கின்றன. நரம்புக் குழாயின் பின்சுவரில் உள்ள ஃபிளேவம் என்ற மஞ்சள் நார் தடிக்கிறது. மூன்றும் சேர்ந்து நடுவில் உள்ள நரம்புப் பையை நெரிக்கின்றன. 1950களில் இதைத் தனி நோயாக விளக்கி எழுதியவர் நெதர்லாந்தின் நரம்பியல் அறுவை நிபுணர் ஹென்க் வெர்பீஸ்ட்.

நிமிர்ந்து நின்றால் ஃபிளேவம் நார் மடிந்து குழாய்க்குள் துருத்தும், வலி கூடும். முன்னால் குனிந்தால் அது நீளும், குழாய் விரியும், வலி குறையும். அதனால்தான் இந்த நோயாளிகள் ஒரு தெரு நடந்ததும் கால் குடைந்து, மரத்து, கனத்துப்போய் உட்கார இடம் தேடுகிறார்கள். உட்கார்ந்த சில நிமிடங்களில் மறுபடி நடக்க முடிகிறது. சைக்கிள் மிதித்தால் வலிக்காது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தாலும் பரவாயில்லை, கைவீசி நிமிர்ந்து நடந்தால்தான் வலிக்கும் என்று ஒருவர் சொன்னால், ஸ்கேன் எடுக்கும் முன்பே நோய் பாதி புரிந்துவிடும்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி நின்றாலே போய்விடும்; உட்காரவோ குனியவோ தேவையில்லை. புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இருவருக்கும் முதுகைத் தொடும் முன் பாத நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி, பி12 குறைபாடு, இடுப்பு மூட்டுத் தேய்மானம் ஆகியவையும் இதே போல வேடம் போடும். இன்னொன்றை மறக்கவே கூடாது. இடுப்பில் குறுக்கம் உள்ள சிலருக்குக் கழுத்திலும் குறுக்கம் இருக்கும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை இருந்தால் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். கழுத்தில் தண்டுவடமே நெரிபட்டிருந்தால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் சரிசெய்வார்கள்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது என்பதற்குக் காரணம் எளிது. அறுபதைத் தாண்டியவர்களில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்குக்கூடப் படத்தில் குறுக்கம் தெரியும். நரம்புப் பையின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறுக்கம், 75-க்குக் கீழே போனால் கடுமையான குறுக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து அறுவை செய்வதில்லை. எந்தக் காலில், எந்த இடத்தில், எவ்வளவு தூரம் நடந்தால் வலி வருகிறது என்பதும் படமும் ஒத்துப்போக வேண்டும்.

அறுவை செய்துதான் ஆக வேண்டுமா

பெரும்பாலானவர்களுக்கு அவசரம் இல்லை. விதிவிலக்கு உண்டு: சிறுநீர் திடீரெனப் போகாமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்ச்சி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. முதல் மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மணிக்கணக்குத்தான், நாள்கணக்கு இல்லை. கடைசி இரண்டுக்கும் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு முதலில் குனிந்த நிலைப் பயிற்சிகள், சைக்கிள், எடைக் குறைப்பு. 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அறுவைக்குச் சம்மதித்த 169 பேரைச் சீட்டுக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு அறுவை, மற்றதற்கு முறையான பிசியோதெரபி. இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிசியோதெரபிப் பிரிவில் 57 சதவீதம் பேர் அதற்குள் அறுவைக்கு மாறியிருந்தார்கள். பயிற்சியிலேயே சமாளிப்பவர்கள் கணிசமாக உண்டு, பாதிக்கு மேல் அது போதவில்லை என்று இரண்டையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2014-இல் 400 பேரிடம் நடந்த ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போட்டவர்களுக்கும் மரப்பு மருந்தை மட்டும் போட்டவர்களுக்கும் ஆறாவது வாரத்தில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு திருமணமோ பயணமோ முடியும் வரை தள்ளிப்போட ஊசி சிலருக்கு உதவலாம். குறுக்கத்தை அது விரிக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவு எகிறும்.

அறுவை பலன் தருமா என்ற கேள்விக்கு 2008-இல் ‘ஸ்போர்ட்’ என்ற பெரிய அமெரிக்க ஆய்வு பதில் சொன்னது. உண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். அந்த வித்தியாசம் நான்காண்டு வரை நீடித்தது. எட்டாண்டு அளவில், குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்களிடையே இடைவெளி சுருங்கிவிட்டது. நடக்கும் தூரத்தை மீட்டுத் தருவதில் அறுவை வலுவானது, முதுமையைத் திருப்புவதில்லை.

அழுத்தம் நீக்கும் அறுவை

நோயாளியைக் கவிழ்த்து, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி சட்டத்தில் படுக்க வைப்பார்கள். வயிறு அழுந்தினால் முதுகெலும்புக்குள் இருக்கும் சிரைகள் புடைத்து ரத்தம் கசியும், அறுவை நடக்கும் இடம் தெரியாது. அடுத்தது சி-ஆர்ம் எக்ஸ்-ரேயில் மட்டத்தை உறுதிசெய்வது. சிலருக்கு ஐந்தாவது முள்ளெலும்பு அதன் கீழுள்ள திருவெலும்போடு (சேக்ரம்) ஒட்டியிருக்கும், சிலருக்கு ஆறு இருப்பது போலத் தெரியும். அவர்களுக்கு எண்ணிக்கை தவறினால் தவறான மட்டத்தில் அறுவை நடந்துவிடும். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘சேக்ரலைசேஷன்’ அல்லது ‘டிரான்சிஷனல்’ என்ற சொல் இருந்தால், எந்தக் கணக்கில் எண்ணப் போகிறீர்கள் என்று அறுவை நிபுணரிடம் கேட்டுவிடுங்கள்.

பழைய முறை முழு லாமினெக்டமி: பின்பக்கத் தகடு, முள், நடுநார்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. பார்வை நன்றாகக் கிடைக்கும், வேகமாக முடியும். ஆனால் இருபுறத் தசையையும் எலும்பிலிருந்து உரிக்க வேண்டும். முள்ளையும் நார்களையும் இழந்த மட்டம், ஏற்கெனவே லேசாக நழுவியிருந்தால் மேலும் நழுவலாம்.

இப்போது பெரும்பாலும் செய்வது நடுநாரைக் காப்பாற்றும் முறைகள். இருபுறமும் சிறு சன்னல் திறப்பது ஒன்று. ஒரு பக்கத்திலிருந்து நுழைந்து, முள்ளின் அடியைச் செதுக்கி, மறுபக்க நரம்பையும் விடுவிப்பது இன்னொன்று. முள்ளை அடியில் வெட்டி ஒதுக்கிவைத்து வேலை பார்ப்பது மூன்றாவது. நார்வேயில் 437 பேரிடம் இந்த மூன்றையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் நோயாளிகளின் நிலையில் வித்தியாசம் இல்லை. ஆகவே இந்த மூன்றில் எது என்று நீங்கள் மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். உங்கள் நிபுணர் அன்றாடம் செய்யும் முறையே உங்களுக்கு நல்லது.

அதிவேக டிரில்லால் தகட்டை மெல்லியதாக்கி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் வாயுள்ள ‘கெரிசன் பஞ்ச்’ என்ற எலும்பு வெட்டும் கருவியால் கடித்துக் கடித்து எடுப்பார்கள். பின் தடித்த ஃபிளேவம் நாரை உரிப்பார்கள். பலருக்கும் உண்மையான நெரிசல் நடுவில் இருக்காது. நரம்பு வேர் கீழிறங்கும் பக்கவாட்டு மூலையில் இருக்கும். அங்கே போக ஃபேசட் மூட்டின் உட்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்க வேண்டியிருக்கும். பாதிக்கு மேல் போனால் மூட்டு நிலை குலையும். முள்ளெலும்பின் மேல் மூட்டுப் பகுதியையும் கீழ் மூட்டுப் பகுதியையும் இணைக்கும் ‘பார்ஸ்’ என்ற குறுகிய எலும்புப் பாலத்தை அதிகம் மெலித்தால் அது பின்னர் உடையலாம். மூலையைச் சரியாகத் திறக்காமல் விட்டால், நடுவில் எவ்வளவு எலும்பு எடுத்தாலும் கால்வலி போகாது. அறுவைக்குப் பின்னும் வலி அப்படியே இருப்பவர்களில் இது ஒரு முக்கியக் காரணம். உருண்டை முனைக் கம்பி, நரம்பு வேருக்குப் பக்கத்தில் தடையின்றிப் போய்வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு மட்டத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். அன்று மாலையோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். பொதுவாக ஓரிரு நாளில் வீடு.

என்ன தவறலாம்? அடிக்கடி நடப்பது நரம்புப் பையின் உறையான டியூரா கிழிவது. இந்த அறுவையில் ஏறக்குறைய 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு நேர்கிறது. வயதானவர்களுக்கும், ஏற்கெனவே அதே இடத்தில் அறுவை செய்தவர்களுக்கும் அதிகம், ஏனென்றால் நார் உறையோடு ஒட்டிப்போயிருக்கும். அப்போதே மெல்லிய தையல் போட்டுப் பசை வைத்து மூடிவிட்டால் பெரும்பாலும் பின்விளைவு இல்லை. ஓரிரு நாள் படுக்கை. எழுந்து உட்கார்ந்ததும் தலைவலி, படுத்ததும் நிற்பது, காயத்திலிருந்து தண்ணீர் போலக் கசிவது ஆகியவை இருந்தால் உறை மூடவில்லை என்று பொருள். உடனே சொல்ல வேண்டும். தொற்று 100-இல் ஒருவர் இருவருக்கு வரலாம். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை நெரிப்பது அரிது. ஆனால் முதல் நாளில் கால் பலம் திடீரெனக் குறைந்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவை ஓட்டக் கூடாது.

ஸ்க்ரூவும் ராடும்: எப்போது, எதற்கு

ஃபியூஷன் என்பது இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பது. ஒரு மட்டத்துக்கு நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு. பெரும்பாலும் டிஸ்கை எடுத்து அங்கே பீக் பிளாஸ்டிக்காலோ டைட்டேனியத்தாலோ ஆன கூண்டில் எலும்புத் துகளை அடைத்து வைப்பார்கள். ஸ்க்ரூ தற்காலிகச் சாரம் மட்டுமே; நிஜமான வேலையைச் செய்வது பின்னர் வளரும் எலும்பு. அது முழுதாக ஒட்ட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஒட்டாவிட்டால், உலோகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் ஒரு நாள் தளரும் அல்லது உடையும்.

ஃபியூஷனால் கிடைப்பது அசைவு நிறுத்தம். அசைவுதான் பிரச்சினை என்றால் இது மருந்து. அசைவு பிரச்சினை இல்லையென்றால், பெரிய அறுவையின் சுமை மட்டும்தான் மிச்சம்.

இதை ஆய்வுகள் நேரடியாகச் சோதித்திருக்கின்றன. 2016-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் 50 முதல் 80 வயதுள்ள 247 பேர். ஒரு பிரிவுக்கு அழுத்த நீக்கம் மட்டும், மற்றதற்கு அதோடு ஃபியூஷனும். எலும்பு நழுவியவர்கள், நழுவாதவர்கள் இரு வகையினரும் இருந்தார்கள். இரண்டாண்டிலும் ஐந்தாண்டிலும் வித்தியாசம் இல்லை. மருத்துவமனையில் இருந்த நாள்கள் சராசரியாக 4.1-க்கு எதிராக 7.4. மறு அறுவை இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம்: 21 சதவீதம், 22 சதவீதம்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வு சற்று வேறாகச் சொன்னது. லேசாக நழுவிய, ஆனால் நிலையாக இருந்த 66 பேர். ஃபியூஷன் செய்தவர்களின் பொது உடல்நல மதிப்பெண் கொஞ்சம் மேல். நான்காண்டில் மறு அறுவை ஃபியூஷன் பிரிவில் 14 சதவீதம், லாமினெக்டமி மட்டும் செய்தவர்களில் 34 சதவீதம். ஃபியூஷனை ஆதரிப்பவர்கள் இந்த 34-ஐத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கவனிக்க வேண்டியது, இதில் செய்யப்பட்டது முழு லாமினெக்டமி; நடுநாரைக் காப்பாற்றும் முறை இல்லை.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவியது 2021-இல் வந்த நார்வே ஆய்வு. ஒரே மட்டத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நழுவிய 267 பேர். அழுத்தம் மட்டும் நீக்கியவர்களில் 71.4 சதவீதம் பேரும், ஸ்க்ரூவும் வைத்தவர்களில் 72.9 சதவீதம் பேரும் இரண்டாண்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். மறு அறுவை 12.5-க்கு எதிராக 9.1 சதவீதம். அதாவது, ஸ்க்ரூ வைக்காவிட்டால் பின்னர் மறுபடி மேசைக்குப் போகும் வாய்ப்பு சிறிது கூடலாம். அதற்கு ஈடாக முதல் அறுவை சிறியது, வேகமானது. எழுபத்தைந்து வயது இதய நோயாளிக்கு இந்தப் பேரம் பெரும்பாலும் லாபமே.

அறுவை பெரிதாகப் பெரிதாக ஆபத்து எப்படிக் கூடும் என்பதற்கு அமெரிக்க முதியோர் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2010-இல் வெளியான ஆய்வு ஒரு அளவுகோல்: உயிருக்கு ஆபத்தான சிக்கல் அழுத்த நீக்கத்தில் 2.3 சதவீதம், பல மட்டச் சிக்கலான ஃபியூஷனில் 5.6 சதவீதம்.

அப்படியானால் ஸ்க்ரூ யாருக்கு? காரணங்கள் சிலவே, ஆனால் அவை உறுதியானவை.

முதலாவது, எலும்பு உண்மையில் அசைவது. இதை எம்.ஆர்.ஐ. காட்டாது, ஏனென்றால் படுத்துக்கொண்டு எடுக்கும் படம் அது. நின்றபடி பக்கவாட்டில் எக்ஸ்-ரே வேண்டும்: நேராக ஒன்று, முன்னால் முடிந்தவரை குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று. குனிவுக்கும் வளைவுக்கும் இடையே 4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ, கோணம் 10 டிகிரிக்கு மேல் மாறினாலோ நிலையின்மை என்று பொதுவாகக் கருதுகிறார்கள். இதில் ஒரு பொறி உண்டு. வலியால் நோயாளி சரியாகக் குனியவே மாட்டார். படத்தில் அசைவே தெரியாது. அப்போது படுத்த எம்.ஆர்.ஐ.யையும் நின்ற எக்ஸ்-ரேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று கேட்க வேண்டும். நிற்கும்போது நழுவி, படுத்தால் தானே பொருந்திக்கொள்ளும் எலும்பு அசையும் எலும்புதான். எம்.ஆர்.ஐ.யின் குறுக்குவெட்டில் ஃபேசட் மூட்டுக்குள் வெள்ளைக் கோடாக நீர் தேங்கித் தெரிவதும் அதே சந்தேகத்தைக் கூட்டும். இந்த எக்ஸ்-ரே எடுக்காமலேயே ஸ்க்ரூ வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எக்ஸ்-ரே எடுக்காமல் ஸ்க்ரூ வேண்டாம் என்று சொன்னாலும் அப்படியே.

இரண்டாவது, நரம்பு வெளியேறும் பக்கவாட்டுத் துளையே அடைபட்டிருப்பது. டிஸ்க் முழுவதும் சப்பையாகி மேலெலும்பு கீழெலும்பின் மேல் உட்கார்ந்துவிட்டால், துளையைத் திறக்க ஃபேசட் மூட்டையே எடுக்க வேண்டியிருக்கும். எடுத்தால் அந்த மட்டம் தாங்காது. பார்ஸ் உடைந்து நழுவும் வகை இதில்தான் சேரும். அது பெரும்பாலும் ஐந்தாவது முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடைப்பட்ட எல்5-எஸ்1 மட்டத்தில், இளவயதிலேயே தொடங்கியிருக்கும். முதுமைத் தேய்மானத்தில் எல்4-எல்5 நழுவுவது வேறு நோய். இரண்டையும் அறிக்கையில் ‘லிஸ்தெசிஸ்’ என்றுதான் எழுதுவார்கள். எந்த வகை என்று கேளுங்கள்.

மூன்றாவது, முதுகு பக்கவாட்டில் வளைந்து, வளைவின் உட்பக்கத்தில் நரம்பு நெரிவது, அல்லது உடல் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடுவது. இதற்குத் தலை முதல் இடுப்பு மூட்டு வரை நின்ற எக்ஸ்-ரே வேண்டும். நான்காவது, முன்பே லாமினெக்டமி செய்த அதே மட்டம் இப்போது நழுவியிருப்பது.

வெறும் முதுகுவலிக்காக ஸ்க்ரூ வைப்பதில் எங்களுக்குப் பெரிய தயக்கம் உண்டு. எங்கிருந்து வலி வருகிறது என்று தெளிவாகத் தெரியாத முதுகுவலிக்கு ஃபியூஷன் தரும் பலன் ஏமாற்றமாகவே இருக்கிறது. கால்வலி பாதி, முதுகுவலி பாதி என்று இருப்பவர்கள், அழுத்தம் நீக்கிய பின் கால்வலி போகும், முதுகுவலி ஓரளவுதான் குறையும் என்று முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபியூஷனில் கூடுதலாகத் தவறக்கூடியவை: ஸ்க்ரூ எலும்புச் சுவரைத் தாண்டி நரம்பைத் தொடுவது, எலும்பு ஒட்டாமல் போவது, கூண்டு எலும்புக்குள் இறங்குவது, தொற்று. பின்னர் வருவது பக்கத்து மட்டத் தேய்மானம். அசைவு நின்ற மட்டத்தின் சுமையை அடுத்த மட்டம் ஏற்கிறது; ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ 2 முதல் 3 பேருக்கு அங்கே புதிதாகத் தொல்லை வருகிறது. ஒட்டவைத்த மட்டங்கள் கூடக் கூட இது கூடும். மூன்று மட்டம் குறுகியிருந்தாலும், அசைவது ஒன்றுதான் என்றால், மூன்றிலும் அழுத்தத்தை நீக்கிவிட்டு அந்த ஒன்றில் மட்டும் ஸ்க்ரூ வைக்கலாம். இந்த வழி இருப்பதே பல குடும்பங்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

எண்டோஸ்கோப் வழி

எண்டோஸ்கோப் நோக்கத்தை மாற்றுவதில்லை, வாசலை மட்டுமே மாற்றுகிறது. உள்ளே செய்வது அதே அழுத்த நீக்கம். ஒரே துளையில் கேமராவும் கருவியும் போகும் முறை ஒன்று. ஒரு துளையில் கேமரா, மற்றொன்றில் கருவி என்று இரண்டு சிறு துளைகள் போடும் யு.பி.இ. முறை இன்னொன்று. இரண்டாவதில் வழக்கமான கெரிசன், டிரில் எல்லாம் பயன்படுத்தலாம் என்பதால் எலும்புக் குறுக்கத்துக்கு அது வசதி. தசை சேதம் குறைவு, முதல் வார வலி குறைவு, ரத்தம் குறைவு. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் நுண்ணோக்கி வழி செய்தவர்களோடு பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

இதற்கே உரிய சிக்கல்களும் உண்டு. வேலை முழுவதும் ஓடும் சலைன் தண்ணீரில் நடக்கிறது. வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறினால் கழுத்து வலி, தலைவலி, அரிதாக வலிப்பு. தண்ணீர் அழுத்தத்தால் அடங்கியிருந்த சிரைகள், தண்ணீரை நிறுத்தியதும் கசிந்து உள்ளே ரத்தம் கட்டலாம். டியூரா கிழிந்தால் இந்தத் துளை வழியே தைப்பது கடினம். முக்கியமாக, கைப்பழக்கம் வர நாளாகும். இந்த முறையைத் தேர்ந்தெடுக்கும்போது, டிஸ்க் விலகலுக்குச் செய்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். முதியோரின் எலும்புக் குறுக்கத்துக்கு எத்தனை செய்திருக்கிறார், நடுவில் திறந்த முறைக்கு மாற வேண்டி வந்ததா என்று கேளுங்கள். கடுமையான குறுக்கத்தில் அனுபவசாலியின் 3 சென்டிமீட்டர் கீறல், அனுபவம் குறைந்தவரின் 1 சென்டிமீட்டர் துளையைவிடப் பாதுகாப்பு.

முள்ளெலும்பு முட்களுக்கு நடுவே ஆப்பு போலச் செருகும் ஸ்பேசர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸ்-ஸ்டாப் பெரும் எதிர்பார்ப்போடு வந்து, பத்தாண்டுக்குள் விற்பனை நின்றது. இத்தகைய கருவியை வழக்கமான அழுத்த நீக்கத்தோடு ஒப்பிட்ட 2013-ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வில், கருவி வைத்தவர்களில் 29 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. பொது மயக்க மருந்தே தாங்காத உடல்நிலையில் வேறு வழி இல்லாதவருக்குத் தவிர, இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தேதி குறிக்கும் முன்

ஸ்க்ரூ என்று முடிவானால், 50 வயது தாண்டிய பெண்களுக்கும் 65 தாண்டிய ஆண்களுக்கும் டெக்ஸா எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டும். டி-மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்க்ரூ பிடிமானம் குறையும். அறுவையைத் தள்ளிவைத்து முதலில் எலும்புக்கு மருந்து தருவதா, ஸ்க்ரூவைச் சுற்றிச் சிமென்ட் செலுத்துவதா என்று பேச வேண்டும். வைட்டமின் டி குறைவு இங்கே மிகச் சாதாரணம், அதையும் பார்த்துவிடலாம். புகைபிடிப்பவர் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும் வரை தொடக் கூடாது. நிகோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கிறது. வாயில் அடக்கும் புகையிலையும் இதில் சேரும்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்குள் இருந்தால் நல்லது, 7.5-க்குள் என்றால் இன்னும் நல்லது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் குளோபிடோக்ரெல் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு, வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் சமீபத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சரியாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இவற்றில் உண்டு என்பதால், மருந்துச் சீட்டு முழுவதையும் மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள்.

செலவு மதிப்பீடு கேட்கும்போது, ஸ்க்ரூ, கூண்டு ஆகியவற்றின் விலை பேக்கேஜில் அடங்குமா தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதானால், முன் அனுமதி எந்த அறுவைக்கு, எத்தனை மட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்திலும் மட்டமும் அறுவையின் பெயரும் அதேதான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின்

அழுத்த நீக்கம் மட்டும் செய்தவர் முதல் நாளிலிருந்தே நடக்கலாம். தினம் இரண்டு மூன்று முறை, சிறிது சிறிதாகத் தூரம் கூட்டலாம். ஆறு வாரம் வரை குடம் தூக்குவது, குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் கேனைச் சாய்ப்பது வேண்டாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்வதும் இந்தியக் கழிவறையும் ஆறு வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் முடியும். ஃபியூஷன் செய்தவர் மூன்று மாதம் வரை பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று மட்டம் ஒட்டியிருந்தால் தரையில் உட்கார்ந்து எழுவது நிரந்தரமாகவே சிரமமாகலாம். தரையில் உட்கார்ந்து பூக்கட்டுபவருக்கும் நாற்று நடுபவருக்கும் இது பிழைப்பைத் தொடும் விஷயம். அறுவைக்கு முன்பே பேசியாக வேண்டும்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குறைந்துவந்த முதுகுவலி திடீரெனக் கூடி, காய்ச்சலோ காயத்தில் சீழோ வந்தால் தொற்று.

கால்வலி முதலில் குறையும், பலருக்கு மயக்கம் தெளிந்த அன்றைக்கே. பலவீனம் தேற மாதங்கள் ஆகும். மரப்பு கடைசியில்தான் போகும். வருடக்கணக்கில் நெரிபட்ட நரம்பில் அது போகாமலே தங்கிவிடவும் கூடும். பாதத்தின் அடியில் பஞ்சு வைத்தது போன்ற உணர்வு மிச்சமிருப்பதால் அறுவை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. நடக்கும் தூரம் மூன்று மாதத்தில் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே சரியான அளவுகோல். மூன்று மாதத்துக்குப் பிறகும் அது பழைய அளவிலேயே நின்றால், புதிதாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பக்கவாட்டு மூலை திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.